புலமைப்பரிசில் திட்டங்களை நடத்துவது யார்? மலையகம் இன்னும் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு தொழில்

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் யார் கொடுக்கிறார்கள் என்று இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் கேட்டுப் பாருங்கள். "இந்தியா குடுக்குது, ஜப்பான் குடுக்குது, லண்டன்ல குடுக்குறாங்க" என்று நாடுகளின் பெயர்தான் பதிலாக வரும். பணம் நாடுகளுடையதுதான். ஆனால் அந்தப் பணம் யார் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் என்பது பல வேளைகளில் ஒரு சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் சிலரின் கையில் இருக்கிறது. படிவத்தில் எதைக் கேட்பது, எந்தச் சான்றிதழை எந்தக் கட்டத்தில் கேட்பது, விளக்கக் கூட்டத்தைக் கொழும்போடு முடித்துக்கொள்வதா அட்டன் வரை கொண்டுவருவதா, நேர்முகக் குழுவில் யாரை உட்கார வைப்பது என்பவற்றை எல்லாம் அவர்கள்தான் யோசிக்கிறார்கள். திட்ட அலுவலர், நிகழ்ச்சித்திட்ட முகாமையாளர், பணிப்பாளர் என்று பதவிப் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

நம் பிள்ளைகளை இதுவரை விண்ணப்பிப்பவர்களாக மட்டுமே நினைத்துவந்திருக்கிறோம். இத்திட்டங்களை வடிவமைத்து நடத்துவதும் ஒரு தொழில், அதிலும் அவர்கள் போய் உட்காரலாம் என்று பாடசாலையிலோ வீட்டிலோ யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தத் திட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். புல்பிரைட் திட்டம் 1946இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த அமெரிக்க இராணுவத் தளவாடங்களை விற்ற பணத்தில் மாணவர்களைப் பரிமாறிக்கொள்ளலாம் என்று செனட்டர் வில்லியம் புல்பிரைட் கொண்டுவந்த சட்டம் அது. இலங்கையுடனான ஒப்பந்தம் 1952இல் கைச்சாத்தானது. இங்குள்ள புல்பிரைட் ஆணைக்குழுவின் நிர்வாக சபையில் அமெரிக்கர்களும் இலங்கையர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள். கொழும்புத் திட்டம் பிறந்ததோ நம் தலைநகரிலேயே. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது உருவான யோசனை அது. 1951 ஜூலையில் செயற்படத் தொடங்கியது. அதன் செயலகம் இன்றும் கொழும்பில்தான் இருக்கிறது. ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் 1954இலும், பொதுநலவாயப் புலமைப்பரிசில் 1959இலும் வந்தன. பிரிட்டனின் செவனிங் 1983இல் வேறொரு பெயரில் ஆரம்பித்து 1994இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் மலையகத்தின் ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக எண்ணிக்கையில் பங்கு போட்டது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு காண 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கல் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழும்பில் இருந்தும் கண்டியில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் மாணவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்வந்த அந்த அரை நூற்றாண்டில், தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் கடவுச்சீட்டு எடுக்க உரிமையே இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதும் 1970களில்தான். ஆக, ஒரு புலமைப்பரிசில் பட்டியலில் மலையகப் பெயர் இல்லையென்றால் திறமையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக ஓடிய ஓட்டத்தை நாம் மிகப் பிந்தி ஆரம்பித்தோம்.

நமக்கென்றே ஒதுக்கப்பட்ட உதவியும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விக்காக 1940களில் ஏற்படுத்தப்பட்ட இந்திய நம்பிக்கை நிதியத்தின் உதவித்தொகை இன்றும் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக உயர்தர மாணவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் கிடைக்கிறது. இந்தியாவில் போய்ப் பட்டப்படிப்புப் படிக்க, 1950இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. நேருவின் பெயரில் ஒன்று இளமாணிப் படிப்புக்கு, ஆசாத் பெயரில் ஒன்று முதுமாணிக்கு. மலையகத்திலிருந்து வெளிநாடு போய்ப் படித்தவர்கள் பலருக்கு முதல் வழியைத் திறந்துவிட்டது இந்தியாதான். சுவீடனும் ஜேர்மனியும் வேறு விதமாக உதவின. தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் 1980களிலிருந்து சுவீடன் பணம் தந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மன் உதவியில் எழுந்தது. அந்த உதவி இல்லையென்றால் இன்று மலையகத்தில் இவ்வளவு தமிழ் ஆசிரியர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

திட்டத்தை நடத்துபவரின் ஒரு வருடம்

அந்த நாற்காலியில் இருப்பவர் வருடம் முழுதும் என்ன செய்கிறார்? செவனிங்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஓகஸ்ட் அளவில் விண்ணப்பம் திறக்கும். ஒக்டோபரிலோ நவம்பரிலோ மூடும். அடுத்த வருடத் தொடக்கத்தில் நேர்முகம், வருட நடுவில் முடிவு, செப்டெம்பரில் பயணம். ஒரு தொகுதி விமானம் ஏறும்போது அடுத்த தொகுதிக்கான விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கும். இடையில் தகுதி பார்த்தல், வாசிப்பு, பட்டியல், நேர்முகக் குழு, மாற்றுப் பட்டியல், பல்கலைக்கழக அனுமதி, விசா, காப்புறுதி, பயணத்துக்கு முந்திய அறிவூட்டல். போன பிறகும் வேலை முடியாது. நள்ளிரவில் தொலைபேசி அடிக்கும்: ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவருக்கு ஊரில் அப்பா தவறிவிட்டார், ஒருவர் மேற்பார்வையாளரோடு முரண்பட்டுப் படிப்பையே விடப் போகிறேன் என்கிறார். இவர்களைத் தேற்றி, வழிகாட்டி, பத்திரமாகத் திருப்பி அழைத்துவருவதுவரை பொறுப்பு அவருடையது. பிறகு பணம் கொடுத்த அரசுக்கு அறிக்கை: போனவர்கள் திரும்பினார்களா, இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள்? செவனிங் பெற்றவர்கள் படிப்பு முடிந்து குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புல்பிரைட்டில் போகிறவர்களுக்கும் அமெரிக்க விசாச் சட்டத்தின்படி அதே இரண்டு வருட விதி உண்டு.

இவற்றில் மிக முக்கியமானது விண்ணப்ப வாசிப்பு. வழக்கமாக ஒரு விண்ணப்பத்தைக் குறைந்தது இருவர் தனித்தனியே வாசித்துப் புள்ளியிடுவார்கள். தலைமைத்துவத்துக்கு இவ்வளவு, படிப்புத் திறனுக்கு இவ்வளவு, எதிர்காலத் திட்டத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவுகோல் முன்னால் இருக்கும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அளவுகோலைக் கையில் பிடித்திருப்பவரின் கண்ணுக்குப் பழகிய உலகம் எது என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. கொழும்புப் பாடசாலை ஒன்றின் விவாத அணித் தலைவி என்றால் வாசகருக்கு உடனே புரியும். தோட்டத்துப் பிள்ளை என்ன எழுதுகிறது? "நான் வறிய குடும்பத்தில் பிறந்தேன், அம்மா கொழுந்து பறிக்கிறார், கஷ்டப்பட்டுப் படித்தேன்" என்று எழுதி அங்கேயே நிறுத்திவிடுகிறது. வாசிப்பவருக்கு இரக்கம் வரும், புள்ளி வராது.

அதே பிள்ளையிடம் பேசிப் பார்த்தால் வேறு கதை வெளியே வரும். பென்ஷனுக்குப் போன தாத்தாவின் சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது அவள்தான். பிறகு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த அத்தனை பேருக்கும் அவளே நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சிங்களம் தெரியாத பாட்டிமாருக்கு மொழிபெயர்த்திருக்கிறாள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கோயில் மடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியிருக்கிறாள். திருவிழாக் கணக்கை அவள் எழுதிய வருடம் சண்டையே வரவில்லை. இதெல்லாம் தலைமைத்துவம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நேர்முகத்தில் அதைத் தோண்டிக் கேட்கத் தெரிந்த ஒருவரும் எதிரே இல்லை.

செவனிங் கேட்பது 2,800 மணிநேர வேலை அனுபவம், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். சம்பளமில்லாத தொண்டு வேலையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம், பல இடங்களில் செய்த வேலைகளைக் கூட்டியும் காட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாலை வகுப்பு எடுக்கும் தம்பி தங்கைகளே, நாளையும் மணியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பாடசாலை அதிபரிடமோ கோயில் பரிபாலன சபையிடமோ கையெழுத்து வாங்கி வையுங்கள்.

படிவத்துக்கும் லயத்துக்கும் இடையில்

மலையகத்து விண்ணப்பங்கள் வழியிலேயே உதிர்ந்துபோகும் இடங்கள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் திட்டத்தை நடத்துபவரின் கையில் ஒரு மாற்று வழி உண்டு என்பதால் இவற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

விலாசம். பெரும்பாலான லயங்களில் வீட்டுக்கு வீடு தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அதோடு சரி. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. "மிஸ், லெட்டர் ஆபீசுலயே கெடந்திருக்கு, நேத்துதான் கைக்கு வந்திச்சு" என்று நேர்முகத் திகதி கடந்த பிறகு வரும் அழைப்பு இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. முக்கியமான அறிவிப்பைத் தபாலோடு நிறுத்தாமல் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்ல வேண்டும் என்று அலுவலகத்துக்குள் ஒரு விதி போட்டால் போதும். அதற்குச் செலவே இல்லை. மலையகத்தைத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால் அந்த விதி முதல் நாளே வந்திருக்கும்.

பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, உயர்தரச் சான்றிதழில் மூன்றாவது. பதிவு செய்தவர் காதில் விழுந்தபடி எழுதியது தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. அப்பாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கும். தாத்தா பாட்டிக்குப் பிறப்புப் பதிவே இல்லாத குடும்பங்களும் உண்டு. இதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் நடக்க மாதங்கள் போகும், விண்ணப்ப காலமோ சில வாரங்கள். ஆவண முரண்பாட்டை விளக்கிச் சத்தியக் கடதாசி இணைக்கலாம் என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ பேர் மிஞ்சுவார்கள். மாணவர்களும் பதினொராம் வகுப்பிலேயே இதைச் சரிபார்க்க ஆரம்பிக்க வேண்டும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் அந்த நேரம்தான் பெயரை ஒழுங்குபடுத்த ஏற்ற நேரம்.

முன்செலவு. "முழுமையான புலமைப்பரிசில்" என்றால் எல்லாம் இலவசம் என்று வீட்டார் நினைப்பார்கள். கிடைத்த பிறகுதான் இலவசம். அதற்கு முன் கடவுச்சீட்டுக் கட்டணம், சான்றிதழ் மொழிபெயர்ப்பு, அத்தாட்சிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை, கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசு, ஓர் இரவு தங்குமிடம். இவற்றின் உச்சியில் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சையின் கட்டணம், தோட்டச் சம்பளத்தில் ஒரு மாதத்தை முழுதாக விழுங்கிவிடும். பெறுபேறு செல்லுபடியாவதும் இரண்டு வருடங்களுக்கு மட்டும். கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்காக அவ்வளவு பணத்தை எந்த அம்மா துணிந்து கொடுப்பார்? நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த அம்மாமாரின் நம்பிக்கைக்கு முன்னால் தலை வணங்குகிறேன்.

இந்த இடத்தில் ஒரு திட்டம் தன் விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் செவனிங்கிலேயே இருக்கிறது. முன்பு செவனிங் தானும் ஓர் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்டது. இப்போது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. தெரிவான பிறகு பல்கலைக்கழகம் கேட்பதைக் கொடுத்தால் போதும். நேர்முகத்துக்கு முன்பே அந்தப் பணத்தைக் கட்ட வேண்டிய நிர்ப்பந்தம் குறைகிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களில் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தப்படும் ஒரு பிரிவு, சொந்தப் பணத்தில் பிரிட்டனுக்குப் போய்ப் படிக்க வசதியில்லாதவர்களுக்கென்றே 1986இல் தொடங்கப்பட்டது. வறுமையை மனதில் வைத்தே ஒரு திட்டத்தை வடிவமைக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

உள்நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்டக் கோட்டா இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் உள்ளன. அந்தப் படியில் ஏறித்தான் நம் பிள்ளைகளில் பலர் பேராதனைக்கும் கொழும்புக்கும் போகிறார்கள். வெளிநாட்டுத் திட்டங்களில் அப்படி ஒரு படி பெரும்பாலும் இல்லை. கொழும்பின் சர்வதேசப் பாடசாலையில் படித்தவரும் தலவாக்கலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் படித்தவரும் ஒரே பட்டியலில் வருவார்கள். கோட்டா வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாணவர் படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு இருந்ததா, குடும்பத்தில் முதலாவது பட்டதாரியா என்ற இரண்டு கேள்விகளைப் படிவத்தில் சேர்த்து, வாசிப்பவருக்கு அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று பயிற்சி கொடுத்தாலே நிறைய மாறும்.

ஒருவழிப் பாதை

புலமைப்பரிசிலும் மாணவர் பரிமாற்றமும் ஒன்றல்ல. பரிமாற்றத்தில் இரு நிறுவனங்கள் ஒப்பந்தம் செய்து, ஒரு தவணையோ ஒரு வருடமோ மாணவர்களை மாற்றிக்கொள்ளும். கட்டணத்தை அவரவர் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டுவார்கள். போகிறவர், வருகிறவர் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை. ஐரோப்பாவில் 1987இல் ஆரம்பித்த இராஸ்மஸ் திட்டம் இந்த முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியது.

மலைநாட்டுக்கு வெளிநாட்டு மாணவர்கள் வருவது புதிதல்ல. அமெரிக்கக் கல்லூரிகள் பல சேர்ந்து கண்டியைத் தளமாகக் கொண்டு ஒரு திட்டத்தை 1980களிலிருந்து நடத்தின. மாணவர்கள் கண்டிக் குடும்பங்களோடு தங்கி, பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் படித்தார்கள். தோட்டங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதவும் வெளிநாட்டு மாணவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். நம் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, நாம் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்து, நம் அம்மாமாரிடம் கேள்வி கேட்டுப் பட்டம் பெற்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பலர் நம்மைப் பற்றி அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் அவர்களுடைய ஊரைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? பரிமாற்றம் என்று பெயர் இருந்தால் இரண்டு பக்கமும் போக்குவரத்து இருக்க வேண்டும். தோட்டத்தில் ஆய்வு செய்ய வரும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும், இங்கிருந்து ஒருவரை அழைப்பீர்களா என்று ஒப்பந்த மேசையில் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் அதிகாரம் உள்ள பதவிகள் பல்கலைக்கழகங்களின் சர்வதேச உறவுப் பிரிவுகளில் இருக்கின்றன.

இந்தத் தொழிலுக்குள் எப்படி நுழைவது?

இதற்கென்று தனிப் பட்டம் கட்டாயமில்லை. சமூகவியல், கல்வியியல், அரசறிவியல், மொழி, முகாமைத்துவம் படித்தவர்கள் எல்லோரும் இதில் இருக்கிறார்கள். பலர் தாங்களே புலமைப்பரிசில் பெற்றுத் திரும்பியவர்கள்; செனட்டர் புல்பிரைட்டே ரோட்ஸ் புலமைப்பரிசிலில் ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர்தான். முதல் வேலை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்: பல்கலைக்கழக சர்வதேசப் பிரிவில் உதவியாளர், தூதரகத்தின் கல்வி, கலாசாரப் பிரிவில் உள்ளூர் ஊழியர், பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற நிறுவனங்களில் திட்ட உதவியாளர், தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் புலமைப்பரிசில் நிதிக்குப் பொறுப்பாளர். ஆரம்பச் சம்பளத்தைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. அட்டவணையைத் தவறாமல் பேணுதல், வரவுசெலவுத் திட்டம் எழுதுதல், குழப்பத்தில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளையோடு பொறுமையாகப் பேசுதல், அமைச்சுச் செயலாளரோடும் அதே நாளில் பேசுதல் ஆகியவைதான் ஒருவரை மேலே கொண்டுபோகும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பேசக்கூடியவர்கள் மலையகத்தில் நிறையவே வளர்ந்துவருகிறார்கள். இந்தத் தொழிலில் அது பெரிய பலம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அட்டன், நுவரெலியா, பண்டாரவளை நகரங்களில் பலகை மாட்டியிருக்கும் வெளிநாட்டுக் கல்வி முகவர் வேறு, புலமைப்பரிசில் திட்ட அலுவலர் வேறு. முகவருக்கு வருமானம் வழக்கமாக மாணவரைச் சேர்த்துவிடும் பல்கலைக்கழகத்திலிருந்து தரகாக வருகிறது. சிலர் மாணவரிடமும் வாங்குவார்கள். புல்பிரைட்டுக்கோ செவனிங்குக்கோ விண்ணப்பக் கட்டணம் இல்லை. இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் இணையத்தள விண்ணப்பமும் இலவசம். "சீட் எடுத்துத் தாரேன், முன்பணம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் அது புலமைப்பரிசில் அல்ல.

நேர்முகக் குழுக்களில் உள்ளூர்க் கல்வியாளர்களையும் பழைய புலமைப்பரிசிலாளர்களையும் உட்கார வைப்பது பல திட்டங்களில் வழக்கம். விண்ணப்பங்களை வாசிக்க வெளியிலிருந்து வாசகர்களை அழைக்கும் திட்டங்களும் இருக்கின்றன. மலையகத்திலிருந்து போய்ப் படித்துத் திரும்பியவர்கள் இப்போது பேராதனை, கொழும்பு, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களில் வேலை செய்கிறார்கள். பழைய மாணவர் வலையமைப்பின் பட்டியலில் பெயரைப் புதுப்பித்து, வாசகராகவோ குழு உறுப்பினராகவோ வரத் தயார் என்று அவர்கள் தங்கள் திட்ட அலுவலகத்துக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தை விண்ணப்பம் திறக்கும் ஓகஸ்டுக்கு முன்பே அனுப்ப வேண்டும். குழுக்கள் அமைவது அதற்குப் பிறகுதான்.